முன்னால் குடும்பம், பின்னால் ஊர்

வெள்ளி, மாட்டெலும்பு, மரக்கூழ். ராயபுரத்து வீட்டுச் சுவரில் அறுபது ஆண்டுகளாகத் தொங்கும் ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் மிஞ்சும். அடியில் மரக்கூழ்த் தாள். அதன்மேல் வெண்மைக்காகப் பூசிய பேரியம் சல்பேட். அதற்கும் மேலே, எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் படலம். அந்தப் படலத்துக்குள் கண்ணுக்குத் தட்டுப்படாத வெள்ளித் துகள்கள். படத்தில் மாப்பிள்ளையின் கோட்டு கறுப்பாக இருக்கிறதே, அந்தக் கறுப்பு முழுக்க வெள்ளிதான். பெண்ணின் புடவை எங்கே பளீரென்று வெளுத்திருக்கிறதோ, அங்கே வெள்ளி கிடையாது.

பொருளாகப் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இந்தத் துண்டுத் தாள் வடசென்னையில் வாழ்ந்திருக்கும் வாழ்க்கை லேசுப்பட்டதில்லை. கப்பலேறி வந்திருக்கிறது. உப்புக்காற்றைக் குடித்திருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்திருக்கிறது. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டராகத் தெருமுனையில் நின்றிருக்கிறது. இப்போது போனுக்குப் போன் தாவிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டிய இந்தக் கரையில் இப்படி வாழ்ந்த படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குப் பொதுவான வாழ்க்கை வரலாறு இது.

பெயர் கேட்காத கேமரா

ரயிலும் கேமராவும் இந்த ஊரில் ஒரே ஆண்டில் காலூன்றின. 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. அதே 1856இல், சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியிருந்த டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி பிறந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அதற்கு முந்தைய ஆண்டு அவர் பர்மாவில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

டிரைப்பின் கேமரா ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று கோயில்களைத் தேடிப் போனது. பின்னால் வந்த நிக்கோலஸ், வீலே அண்டு கிளைன் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் கட்டடங்களோடு மனிதர்களையும் எடுத்தன. கட்டுமரக்காரர், மசூலா படகோட்டி, மூட்டை தூக்குகிறவர். துறைமுகம் வருவதற்கு முன்னால், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் இவர்கள். அந்தப் படங்கள் தபால் அட்டைகளாகிச் சீமைக்குப் போயின. அட்டையின் அடியில் தொழிலின் பெயர் அச்சாகியிருக்கும். ஆளின் பெயர் இருக்காது. இன்னார் மகன், இன்ன குப்பம் என்று கேட்டு எழுத எவருக்கும் தோன்றவில்லை.

வடசென்னைக்காரர்கள் கேமராவுக்குள் முதலில் போனது இப்படித்தான், மாதிரி மனிதர்களாக. ஸ்டூடியோ வந்த பிறகு கணக்கு மாறியது. கூலி வாங்கிய கையிலிருந்து காசு கொடுத்து, தலைவாரி, பவுடர் போட்டு, எப்படி நிற்பது என்று தானே முடிவுசெய்து ஒருவர் நின்றார். ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. மீனவரோ, ரயில்வேக்காரரோ, சுமை தூக்குகிறவரோ தன் உருவத்துக்குத் தானே சொந்தக்காரர் ஆன இடம் அந்தச் சின்ன ஸ்டூடியோ.

ஊட்டியில் பிறந்து ராயபுரத்தில் கழுவப்பட்டது

நெடுங்காலம் படத்தாளும் பிலிமும் கப்பலில்தான் வந்தன. கோடாக், இல்போர்டு, அக்பா என்று பெயர் பொறித்த பெட்டிகள். பிறகு அரசு சொந்தமாக ஒரு ஆலை போட முடிவெடுத்து 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் உதகமண்டலம். படத்தாளுக்குத் தூசி ஆகாது, சூடும் ஆகாது. பிரான்ஸ் நாட்டு நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. சரக்கின் பெயர் இந்து. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் இருட்டறையில் இந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. மலையில் குளிரில் பிறந்த அந்தத் தாள், இறங்கி வந்து உப்பும் ஈரமும் புகையும் நிறைந்த கடலோரத்தில் வாழ வேண்டியிருந்தது.

ஸ்டூடியோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் குணத்தில் பாதி அங்கே அமைந்தது. முதலில் திரை. மாடிப்படி, தூண், தோட்டம், தூரத்தில் ஏரி என்று பெயிண்டில் வரைந்தது. ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டுக்காரர் அங்கே மாளிகை வாசலில் நின்றார். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. சில ஸ்டூடியோக்களில் எங்கும் இணைப்பில்லாத டெலிபோன் ஒன்றும் இருக்கும். காலர் இல்லாதவருக்குக் கோட்டும் டையும் அங்கேயே கிடைக்கும். போட்டோக்காரர் வந்து தாடையை இரண்டு விரலால் திருப்புவார். "மூச்சுப் புடிங்க" என்பார். அந்தக் காலத்துப் படங்களில் எவரும் சிரிக்காததற்கு நாலு பேர் முன்னால் பல்லைக் காட்டக் கூடாது என்ற எண்ணம் பாதிக் காரணம். மீதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முடியாது.

பிறகு இருட்டறை. சிவப்பு விளக்கு. டெவலப்பரில் போட்ட வெள்ளைத் தாளில் முதலில் கோட்டும் மீசையும் தெரியும், கடைசியில்தான் முகம் தெளியும். அடுத்து ஹைப்போ. ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து வெளியேற்றும். அப்புறம் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவினால்தான் ஹைப்போ முழுக்கப் போகும். போகாவிட்டால் பத்து இருபது ஆண்டில் படம் மஞ்சளித்துவிடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் ஒரு படத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவழிக்க முடியும்? வடசென்னை வீடுகளில் உள்ள பழைய படங்கள் சில சீக்கிரம் பழுப்பேறியதற்குக் குழாயில் வராத தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே தங்கிவிடும். கண்ணாடித் தகடாக இருந்த காலத்தில் அதன்மேல் கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பை அடைத்து, கன்னத்தை நிரவுவார்கள். வீட்டுக்கு வருவது பிரிண்டு மட்டும். பாஸ்போர்ட், போஸ்ட்கார்டு, கேபினட் என்று அளவுக்குத் தக்க விலை. அந்த ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகட்டிவ்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வெள்ளிக்காகக் கழுவினார்கள், கண்ணாடிக்காகச் சுரண்டினார்கள், மிச்சத்தைக் குப்பையில் கொட்டினார்கள். ஆகவே சுவரில் தொங்கும் பிரிண்டு பல வீடுகளில் நகலுக்கு மூலமில்லாத ஒற்றைப் பிரதி.

ரங்கூன் முத்திரை

எல்லாப் படமும் இந்த ஊரில் எடுத்ததல்ல. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் சில வீட்டுப் படங்களைத் திருப்பினால் பின்னால் ரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரை தெரியும்.

பர்மாவிலிருந்து தமிழர்கள் இரண்டு தடவை கிளம்பினார்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். அந்த நடையில் கைக்குழந்தையையும் அரிசியையும் தவிர வேறெதைச் சுமக்க முடியும்? 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கினார். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். அதன்பின் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழர்கள் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். காசும் நகையும் கொண்டுவர விடவில்லை. சுங்கக்காரர்கள் தேடியது தங்கத்தைத்தான். அவர்கள் கண்ணுக்கு மதிப்பில்லாத சில பொருள்கள் பெட்டியின் அடியில் தப்பி வந்தன. குடும்பப் படங்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு.

வந்தவர்கள் 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பீச் ரோட்டில் பர்மா பஜாரைப் போட்டார்கள். பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் அந்தப் பக்கத்துச் சாயங்காலச் சாப்பாடாயின. அடுத்த தலைமுறைக்குப் பர்மா என்றால் நாக்கில் தங்கிய அந்த ருசியும், சுவரில் மாட்டிய அந்தப் படங்களும். அங்கே கடை வைத்திருந்தோம், வீடு கட்டியிருந்தோம் என்று பெரியவர்கள் சொன்னால் பேரப்பிள்ளைகள் கதையென்று நினைப்பார்கள். பர்மியத் துணியில் சட்டையும் லுங்கியுமாக, கையில் குடையோடு நிற்கும் ஆயாவின் படத்தைப் பார்த்த பிறகு நம்புவார்கள்.

எதிர்த்திசையிலும் படங்கள் போயின. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது ஆல்பங்களையும் கொண்டுபோனார்கள். வடசென்னையின் ஒரு பகுதி இன்று பெர்த்திலும் மெல்போர்னிலும் அலமாரிக்குள் இருக்கிறது.

சுவரில் ஒரு பதவி

பிரேம் கடைக்குப் போய்க் கண்ணாடியும் சட்டமும் போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து படத்துக்கு வீட்டில் ஒரு பதவி. சாமிப் படத்துக்குக் கொஞ்சம் கீழே, காலண்டருக்கு மேலே. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அண்ணாவோ, காமராஜரோ, எம்.ஜி.ஆரோ. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. தலைவர் படமும் தாத்தா படமும் ஒரே ஆணியில் தொங்கிய வீடுகள் இந்தப் பக்கத்தில் அதிகம்.

வீட்டில் ஒருவர் இறந்தால் படத்துக்கு வேலை வரும். படத்திறப்பு என்று ஒரு சடங்கையே தமிழ்நாடு உண்டாக்கிக்கொண்டது. மந்திரம் ஓதுவதற்குப் பதில் நாலு பேர் இறந்தவரைப் பற்றிப் பேசி, துணியை விலக்கி, மாலை போடுவது. திராவிட இயக்கம் பரப்பிய பழக்கம் இது. பிரச்சினை என்னவென்றால், பல பேருக்குத் தனிப் படம் இருக்காது. தங்கச்சி கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற முகத்தை வெட்டியெடுத்து, பெரிசாக்கி, யாருடைய கோட்டையோ மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்ற மச்சானின் தோள் மட்டும் ஓரத்தில் தெரியும். பின்னால் பிளெக்ஸ் வந்தபோது அதே முகம் எட்டடி உயரத்துக்குப் போனது. உயிரோடு இருந்தவரை மூன்றாவது வரிசை, செத்த பிறகு தெருமுனை.

ஆலைக்காரர்களுக்கு இன்னொரு படம் உண்டு: பணி ஓய்வு குரூப் போட்டோ. முன்வரிசையில் நாற்காலி, நடுவில் மாலையோடு ஓய்வு பெறுபவர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் கூட்டாளிகள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதற்குப் பஞ்சமே இல்லை. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். பின்னால் டயர்க் கம்பெனியாக வளர்ந்தது திருவொற்றியூரில். என்பீல்டு புல்லட் ஐம்பதுகளின் நடுவிலிருந்து உருவானதும் அங்கேதான். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாக வளர்ந்தது எண்ணூரில். விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயர். பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடியது. 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. ஆலை போன பின்பும் அதன் வாசலையும் பெயர்ப்பலகையையும் சைக்கிள் ஸ்டாண்டையும் இந்தக் குரூப் போட்டோக்கள் வைத்திருக்கின்றன. கம்பெனி ஆல்பத்தில் எந்திரங்களைத் தேடலாம், அதில் வேலை செய்தவரின் முகத்துக்கு அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

பின்னால் இருந்த கடற்கரை

படத்தில் எல்லாரும் முன்னால் நிற்பவர்களைத்தான் பார்க்கிறோம். முப்பது நாற்பது ஆண்டு கழித்து, முன்னால் நின்றவர்களே படத்தை எடுத்துப் பார்க்கும்போது கண் பின்னால் போகிறது. "இது நம்ம பழைய தெருதானே? அந்தக் கிணறு எங்கே?"

கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் வந்து, படம் ஸ்டூடியோவை விட்டு வாசலுக்கு வந்த பிறகு, வரைந்த திரையின் இடத்தில் நிஜமான ஊர் வந்து நின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையான கரையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. காரணம் கடல்.

சென்னைத் துறைமுகத்தின் வேலை 1875இல் தொடங்கியது. கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை மறித்தன. மறித்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரித்தது. நகரத்துக்கு உலாவ இடம் கிடைத்தது, வடசென்னைக் குப்பங்களுக்குத் தெருக்கள் போயின. வலை உலர்த்திய மணல்வெளி, படகு ஏற்றி வைத்த மேடு, கரையோரக் கோயில், வரிசையாக வீடுகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போயின. பிறகு கருங்கல் கொட்டினார்கள். இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவருக்குக் கடலுக்கு முன்னால் கல்தான் தெரியும். இங்கே ஒரு காலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள் என்று சொன்னால் சிரிப்பார்.

அந்த மணல்வெளிக்குச் சாட்சி எங்கே இருக்கிறது? அரசு வரைபடத்தில் ஒரு கோடாக இருக்கிறது. ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டுப் படத்தில், பந்தலுக்குப் பின்னால், அகலமாக, காய்கிற வலையோடு இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் கரையை ஆவணப்படுத்த நினைக்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழும் இடம் என்று அங்கே நிறுத்தினார். பட்டா இல்லாத இடத்தில் தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு, நாங்கள் இங்கே இருந்தோம் என்பதை அலுவலகம் ஏற்கும் விதத்தில் நிறுவுவது எப்போதும் கடினம். இந்தப் படங்கள் சட்டம் கேட்கும் காகிதம் ஆகாமல் போகலாம். ஊரின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இவற்றைவிடப் பெரிய காகிதம் இல்லை.

ஒரு வீட்டுப் படத்தால் மட்டும் இது ஆகாது. ஒருவர் படத்தில் தெருவின் இடப்பக்கம் இருக்கும், பக்கத்து வீட்டார் படத்தில் வலப்பக்கம் இருக்கும். நாலு வீட்டு ஆல்பத்தைப் பாயில் பரப்பி நாலு பேர் உட்கார்ந்தால், போன தெரு வாசலும் திண்ணையுமாக எழுந்து வரும். ஒருவர் கோயிலைக் காட்டுவார், இன்னொருவர் அது கோயில் கிடையாது, மீன் ஏலக் கொட்டகை என்பார். சண்டை வரும். சண்டை நல்லது. தனியே பார்க்கும்போது வராத ஞாபகம் சண்டையில் வரும்.

தண்ணீர் வந்தால்

இந்தக் கரையில் படத்துக்கு எதிரிகள் பலர். கடல் காற்றின் ஈரம் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்க வைக்கும். காற்றில் கலந்த கந்தக வாயு, வீட்டு வெள்ளி விளக்கைக் கறுக்க வைப்பதைப் போலப் படத்தின் வெள்ளியையும் கெடுக்கும். பழைய படங்களின் ஓரத்தில் நீலங்கலந்த மினுமினுப்பு தெரிந்தால், வெள்ளி மேற்பரப்புக்கு ஏறிவிட்டது என்று பொருள். கலர்ப் படங்களுக்கு வேறு நோய். எழுபது எண்பதுகளின் கலர்ப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் குடும்பமே சிவந்து நிற்கும். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் பேரனின் கலர்ப் படத்தைவிட அதிக நாள் வாழ்வது இதனால்தான்.

பெரிய எதிரி வெள்ளம். 2004 சுனாமி, 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்தக் கடைசித் தடவை மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வீடுகளில் படிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையோடும் பாடப்புத்தகத்தோடும் ஊறிய ஆல்பங்களையும் தெருவில் வீசினார்கள்.

வீசியிருக்க வேண்டியதில்லை. 2011இல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின், சேற்றில் கிடந்த குடும்பப் படங்களை மீட்புப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் லட்சக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தார்கள். பியூஜிபிலிம் நிறுவனம் கழுவும் முறையைச் சொல்லித்தந்தது. பள்ளிக்கூட அரங்குகளில் கொடி கட்டி உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுத்துப்போக வைத்தார்கள். வீடு இழந்தவர்கள் வரிசையில் நின்று தேடியது படங்களை.

அந்த முறை நம் வீட்டிலும் செய்யக்கூடியதுதான். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் பிரியாது. ஆகவே காயும் முன்பே, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். முகத்தை விரலால் தேய்க்கக் கூடாது, ஊறிய ஜெலட்டின் வழண்டு வந்துவிடும். பருத்தித் துணிமேல் முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது. இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் முடியாத அளவு படங்கள் இருந்தால், இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுப்பது மேல். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போட வேண்டாம், மை கரைந்துவிடும். லேமினேஷன் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அதிலிருந்து படத்தை மீட்க வழியில்லை.

போனுக்குள் வந்த பிறகு

2021இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வந்தபோது வடசென்னைச் சுவர்களிலிருந்து படங்கள் இறங்கின. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளில் குத்துச்சண்டை போட்டவர்களின் குடும்பத்தார் கையுறையோடு நிற்கும் அப்பாவின், தாத்தாவின் படங்களைப் பத்திரிகைகளுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் காட்டினார்கள். 1980இல் முகமது அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட நாட்களின் படங்களும் மறுபடி வெளிவந்தன. அதுவரை ஒரு வீட்டின் பெருமையாக இருந்தது ஊரின் பெருமையானது. ஒரு சினிமா வந்துதான் இது நடக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

படங்களைச் சேர்த்துவைக்கும் வேலை வேறு இடங்களில் நடக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சோயி ஹெட்லியும் உடனிருந்தவர்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை டிஜிட்டல் ஆக்கினார்கள். அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய இந்தியன் மெமரி புராஜெக்ட், குடும்பங்கள் அனுப்பும் பழைய படத்தை அதன் கதையோடு வைக்கிறது. ஈழத்தமிழர்களின் நூலகம் நிறுவனம் 2005 முதல் நூல்களோடு படங்களையும் சேர்க்கிறது. புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் வடசென்னைப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத்தந்திருக்கிறார். தபால் அட்டைக்காரன் கேட்காத பெயரை அந்தப் பிள்ளைகள் கேட்டு எழுதுவார்கள்.

ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் உள்ள படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் சுற்றுகின்றன. அதில் இரண்டு சிக்கல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஐந்தாறு கை மாறினால் பின்னாலிருக்கும் கடைப் பலகை வாசிக்க வராது. 'டாகுமெண்ட்' என்று அனுப்பினால் இது நேராது. இன்னொன்று பெரிது. படம் பரவுகிறது, அதோடு போக வேண்டிய சேதி போவதில்லை. "நம்ம பழைய ஆளுங்க" என்று ஒரு வரி, கீழே பத்து இதயக்குறி. யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்பது ஆயாவின் தலைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. சீமைக்குப் போன தபால் அட்டையில் பெயர் இல்லாததற்கு வெள்ளைக்காரனைக் குறைசொன்னோம். நம் படத்தில் நாமே எழுதாமல் விட்டால் யாரைச் சொல்வது?

பகிரும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. முதல் மனைவியின் படம், சாதி மாறிக் கட்டியதால் விலக்கப்பட்ட அத்தையின் படம், தவறிப்போன பிள்ளையின் படம் எல்லாம் ஆல்பத்துக்குள் பதுங்கியிருக்கும். அதில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரையும், இல்லாவிட்டால் அவருக்கு நெருங்கியவரையும் கேட்டுவிட்டு வெளியே விடுங்கள். ஊருக்குத் தேவை பின்னால் தெரியும் தெரு. முன்னால் இருப்பவரின் அந்தரங்கத்தில் ஊருக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படத்தைப் பிரேமிலிருந்து எடுத்துத் திருப்பிப் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும், மையும் ஊறும். மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்: இடமிருந்து வலமாகப் பெயர்கள், எடுத்த இடம், சுமாராகவாவது வருஷம், பின்னால் தெரிவது என்ன. ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதை அழிக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் நிழலான பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் போனிலேயே எடுங்கள். இதை வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், முடிந்தால் குரலையும் பதிவுசெய்யுங்கள். பள்ளிக்கூடமோ, கிளை நூலகமோ, மீனவர் சங்கமோ, ஆலைத் தொழிற்சங்கமோ ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், ஒரு தெருவின் படங்களை ஒரே நாளில் சேர்த்துவிடலாம்.

கடல் அடுத்து எந்தத் தெருவை எடுக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரு எப்படி இருந்தது என்று எழுதிவைக்க இன்றைக்கு ஆள் இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கேளுங்கள்.